யார் வாயில் அந்த விசில்

“அந்த விசிலை எங்க வச்சிருக்கிய?” என்று அனுசியா போனில் கேட்டாள்.

சீசன் நேரத்துச் சனிக்கிழமை. குற்றாலத்து மெயினருவியில் கூட்டம் துண்டும் கையுமாக நெரிந்துகொண்டிருந்தது. ஆண்கள் வரிசையை லத்தியால் நேராக்கிக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் மாரிராஜ், ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறுகாதில் கத்தினான்.

“ஜோயல்ட்ட குடுத்திருக்கேன். ஊர்க்காவல் படையில இருக்கான்லா, அவந்தான். அவன் விசிலு தண்ணியோட போயிட்டு. எதுக்கு கேக்க?”

“ஊதிட்டானா?”

“விசில ஊதாம, ஊறுகாயா போடுவான்?”

கல்யாணமாகி எட்டு வருஷம் ஆன மனிதனுக்கு அருவிச் சத்தத்தையும் மீறி அந்தக் கேள்வியின் வில்லங்கம் நன்றாகவே கேட்டது.

“நீங்க ஊதுனியளா?” என்றாள் அனுசியா.

“இன்னைக்கு இன்னும் வாயில வைக்கல. வந்ததும் அவன் வாங்கிட்டான்.”

“சாமி காப்பாத்திச்சு” என்றவள், அழுவதுபோல ஆரம்பித்தாள்.

விஷயம் இதுதான். இவர்கள் மகள் சுப்பு ஒன்றாம் வகுப்பு. இலஞ்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடம். நேற்று, வெள்ளிக்கிழமை, ஆணியில் மாட்டியிருந்த அப்பா விசிலைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். போனவள் சும்மா இருந்தாளா? ஒரு ஊது ஊத ஒரு முறுக்கு, இழுத்து ஊத ஒரு கடலைமிட்டாய் என்று வகுப்பையே ஊதவிட்டு, ராத்திரி தோசை வேண்டாம் என்று படுத்திருக்கிறாள். சாயங்காலம் விசில் பழையபடி ஆணிக்கு வந்துவிட்டது. காலையில் மாரிராஜ் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் புறப்பட்டுவிட்டான்.

அதன் பிறகுதான் வகுப்பு டீச்சரின் வாட்ஸப் வந்தது. ‘நம் வகுப்பில் ஒரு குழந்தைக்கு ஸ்ட்ரெப் என்ற தொண்டைத் தொற்று உறுதியாகியுள்ளது. பெற்றோர்கள் பயப்பட வேண்டாம். காய்ச்சல், தொண்டை வலி வருகிறதா என்று கவனியுங்கள். டம்ளர், தண்ணீர் பாட்டிலை மாற்றிக் குடிக்க விடாதீர்கள்.’

பயப்பட வேண்டாம் என்று படித்ததும் எல்லாத் தாய்மாரும் ஒரே நேரத்தில் பயந்தார்கள். எந்தக் குழந்தை என்று டீச்சர் சொல்லவில்லை. அனுசியா விடுவாளா? ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, “உங்க பிள்ளை நல்லா சாப்பிடுதா?” என்று நலம் விசாரித்துப் பார்த்தாள். ஒன்றும் தேறவில்லை. சாரல் மழையில் வெள்ளிக்கிழமை பாதிப் பிள்ளைகள் வரவே இல்லை, வராத பிள்ளைதான் அந்தப் பிள்ளை என்றும் சொல்ல முடியாது. அந்த வகுப்பில் முக்கால்வாசி அப்பாமார் வேறு காக்கிச்சட்டை. அந்த வீட்டுப் பெண்களிடம் வாயைப் பிடுங்குவது லேசுப்பட்ட காரியமா?

“வந்த அத்தனை பிள்ளைய எச்சிலும் அதுல இருக்குங்க! இப்ப பாப்பாவும் தொண்டை வலிக்குதுங்கா.”

அனுசியாவின் தம்பி கதை மாரிராஜுக்குத் தெரியும். சின்ன வயதில் வந்த தொண்டை வலியை வெறும் வெந்நீர் கொடுத்தே ஆற்றப் பார்த்தார்கள். அது உள்ளே இறங்கி இருதய வால்வைக் கெடுத்துவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒரு தரம் ஊசி போட்டுக்கொண்டு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிற மச்சினனை அவன் தினமும் பார்க்கிறான்.

“சாயங்காலம் தென்காசி டாக்டருக்கு டோக்கன் போட்டாச்சு. நீங்க வந்துருங்க. நான் ஒத்தையில போயி நிக்க மாட்டேன். எங்கம்மா தம்பியத் தூக்கிட்டு நின்னதுதான் கண்ணுல வருது.”

“வாரேன்ட்டி. அழாத. முதல்ல விசில வாங்கிருதேன்.”

வாங்கிவிடலாம் என்றுதான் நினைத்தான்.

ஜோயல் பெண்கள் பகுதி ஓரத்தில் கையை ஆட்டிக்கொண்டு நின்றான். கழுத்து காலியாக இருந்தது.

“எங்கலே விசிலு?”

“ஐயா பிடுங்கிட்டாவ அண்ணாச்சி. ‘உனக்கு ஊதத் தெரியலலே, குடு இங்க’ன்னுட்டாவ. அங்கன பாருங்க.”

மாரிராஜ் பார்த்தான். இன்ஸ்பெக்டர் பால்வண்ணநாதன், சின்னப்பிள்ளை விரல் சப்புவதுபோல அந்த விசிலை உதட்டோரம் கவ்விக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

இன்ஸ்பெக்டரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். கோபக்காரர். அவர் போட்ட சத்தத்தில் ஒருமுறை பழைய குற்றாலத்துக் குரங்கு, பிடுங்கிய பையை அதுவாகவே திருப்பிக் கொடுத்ததாகச் சொல்வார்கள். ஆனால் நேற்றிலிருந்து தொண்டை கட்டி, வெறும் காற்றுதான் வந்தது. “கூட்டத்துல கத்துனது” என்று சொல்லிக்கொண்டார். பிளாஸ்க்கில் வெந்நீர் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். யாரையும் பக்கத்தில் விடவில்லை. குரல் போன மனிதனுக்கு விசில் கிடைத்தால் விடுவாரா? திட்டவேண்டிய திட்டையெல்லாம் விசிலிலேயே திட்டிக்கொண்டிருந்தார்.

மாரிராஜ் தன் நிலைமையைக் கணக்குப் போட்டுப் பார்த்தான். சாயங்காலம் பெர்மிஷன் தரவேண்டியவர் அவர். எதற்குப் பெர்மிஷன் என்று கேட்டால் பிள்ளைக்குத் தொற்றோ என்று சந்தேகம் என்பான். உன் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது என்றால் வகுப்பில் என்பான். அப்புறம் விசில்வரை வந்து நிற்க எத்தனை கேள்வி ஆகும்? அவர் குற்றப்பிரிவில் இருந்துவிட்டு வந்தவர்.

நேராக முதலுதவிக் கூடாரத்துக்குப் போனான். டாக்டர் ரூபி ஒரு சுற்றுலாப் பயணியின் முழங்கால் சிராய்ப்புக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார்.

“டாக்டரம்மா, எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளு. அவரு பிள்ளை வகுப்புல ஒரு பிள்ளைக்கு ஸ்ட்ரெப்பாம்...”

“உங்க பிள்ளைதான?”

“ஆமா” என்றான் மாரிராஜ். போலீஸ்காரன் பொய் அவ்வளவுதான் தாங்கியது.

“காய்ச்சல் இருக்கா?”

“இல்ல.”

“எச்சில் முழுங்க கஷ்டப்படுதாளா? கழுத்துல நெறி கட்டியிருக்கா?”

“தொண்டை வலிக்குதுங்கா.”

“அப்ப கூட்டிட்டுப் போயிப் பரிசோதனை பண்ணிருங்க. தொண்டையில பஞ்சு வச்சு எடுப்பாங்க, அவ்வளவுதான். அதுதான்னு தெரிஞ்சா மருந்து. ஒரு குறியும் இல்லன்னா மருந்தே வேண்டாம், அஞ்சாறு நாள் கவனிச்சாப் போதும். நீங்களா வீட்டுல கெடக்க பழைய மருந்தக் குடுத்திராதீங்க.”

மாரிராஜ் உடனே போனை எடுத்தான்.

“ஏட்டி, பாப்பாவுக்கு என்னமும் குடுத்தியா?”

“பிரிட்ஜுல போன வருஷத்து மிச்ச மருந்து இருந்துச்சு. மூடியத் திறந்துட்டேன்.”

“மூடு! கொட்டிரு அதை! டெஸ்ட் எடுக்காம ஒண்ணும் குடுக்கக் கூடாதாம். பாப்பாட்ட குடு போன.”

சுப்பு வந்தாள். “அப்பா, தொண்டை வலிக்கி. ஸ்கூலுக்குப் போக மாட்டேன்.”

“இன்னைக்கு லீவுதானட்டி.”

“திங்கக்கிழமைக்குச் சொல்லுதேன்.”

“சரி. தொண்டை வலின்னா நாளைக்கு ஐந்தருவி கிடையாது, ஐஸ்கிரீமும் கிடையாது.”

“இப்ப வலிக்கல” என்றாள் சுப்பு.

இவளை வைத்து எந்த டாக்டர் என்ன கண்டுபிடிக்க? பயம் குறையாமல், கோபமும் சேர்ந்துகொண்டது. திரும்பி டாக்டரிடம் கேட்டான். “எச்சில் பட்ட விசில வேற ஆளு ஊதினா?”

டாக்டர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். “ஒருத்தர் வாய் வச்சதுல இன்னொருத்தர் வாய் வைக்கக் கூடாது. சோப்புப் போட்டு நல்லா கழுவிட்டா சரியாப் போகும். யாரு ஊதினா?”

“எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளு” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

முதலில் மாற்று விசில் வைத்துச் சமாளிக்கப் பார்த்தான். சீசன் கடைகளில் சிப்ஸ், மங்குஸ்தான், பிளாஸ்டிக் பாம்பு எல்லாம் கிடைத்தது. போலீஸ் விசில் கிடைக்கவில்லை. கிளி வடிவத்தில் பச்சையாக ஒன்று இருந்தது. அதை வாங்கிக்கொண்டுபோய் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான்.

“ஐயா, அந்த விசிலு பழசுங்கய்யா. இது புதுசு. நல்லா சத்தம் வரும்.”

இன்ஸ்பெக்டர் கிளியைப் பார்த்தார். மாரிராஜைப் பார்த்தார். வாயிலிருந்த விசிலை எடுக்காமலே, “ஏலே” என்றார். அது விசிலோடு சேர்ந்து ‘ஃபீலே’ என்று வந்தது. “இத ஊதிட்டு நான் மரத்துலயா போயி உக்காரணும்?”

சுற்றி நின்ற போலீஸ்காரர்கள் சிரிப்பை அடக்க லத்தியைக் கடித்தார்கள். வந்தது வந்துவிட்டோம், பெர்மிஷனையும் கேட்டுவிடுவோம் என்று நினைத்தான் பாருங்கள், அங்கேதான் அவன் அறிவு கொஞ்சம் சறுக்கியது.

“ஐயா, சாயங்காலம் கொஞ்சம் போகணும். மாமியாருக்கு முடியல.”

“போன வாரம் அவுகளுக்குத்தான முடியல? அதுக்கு முந்தின வாரமும்?”

“இது வேற முடியலங்கய்யா.”

விசில் நீளமாக ஊதியது. போ என்று அர்த்தம்.

அடுத்து, கழுவுவது. இன்ஸ்பெக்டர் இட்லி சாப்பிட உட்கார்ந்தபோது விசிலைக் கழற்றி நாற்காலிக் கையில் மாட்டினார். மாரிராஜ் அதை எடுத்துக்கொண்டு நழுவினான். இப்போது சோப்பு வேண்டும். அருவிக்குள் சோப்பு, ஷாம்புக்குத் தடை. காலையிலிருந்து கூட்டத்திடம் பிடுங்கிய சோப்புகள் ஒரு சாக்கு நிறையக் கிடந்தன, அதில் பாதி மாரிராஜே பிடுங்கியது. அரை சந்தன சோப்பு ஒன்றை எடுத்தான். தடுப்புக் கம்பிக்கு அப்பால் அருவித் தண்ணீர் ஓடுகிற ஓரமாகக் குனிந்தான். விசிலை நனைத்து, சோப்பை ஒரு தேய்ப்புத்தான் தேய்த்திருப்பான்.

“ஏம்மா இங்க பாரு! நம்மட்ட பிடுங்கிட்டு, போலீஸே சோப்புப் போடுது!”

ஈரத் தலையோடு நின்ற ஓர் அம்மாள்தான் கத்தியது. அது அவளுடைய சோப்புதான். பத்து செல்போன் அவன் பக்கம் திரும்பியது. பின்னாலேயே இட்லிக் கையோடு இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். சோப்பு கைநழுவி, நுரைவிட்டுக்கொண்டே சிற்றாற்றுப் பக்கம் போனது.

“என்னலே செய்யுத?”

“விசில... கழுவுதேங்கய்யா. சுத்தமா இருக்கட்டும்னு.”

“என் வாய் என்ன சாக்கடையா?”

குரல் இல்லாததால் அவர் அதைக் காற்றாகவே சொன்னார். அது சத்தம்போட்டுச் சொல்வதைவிடப் பயங்கரமாக இருந்தது. அரைகுறையாக நனைந்த விசிலைப் பிடுங்கி, பேண்டில் துடைத்து, மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். தண்டனையும் அங்கேயே விழுந்தது. சீசனுக்கு நடக்கிற சாரல் விழா மேடையில் அன்று குழந்தைகள் போட்டி. அழுகிற பிள்ளைகளுக்கும் அதைவிட அழுகிற தாய்மாருக்கும் பந்தோபஸ்து.

“போ. அதுக்குத்தான் நீ லாயக்கு.”

மேடைக்கு முன்னால் விரிப்புப் போட்டிருந்தார்கள். தவழும் குழந்தைகள் ஓட்டம். வெள்ளை எல்லைக்கோட்டில் கொழுகொழுவென்று ஒன்பது பிள்ளைகள். மறுமுனையில் தாய்மார் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டு நின்றார்கள். மாரிராஜ் ஓரமாக நின்று போனைப் பார்த்தான். அனுசியா அனுப்பியிருந்தாள். ‘கிளம்பிட்டியளா? பாப்பா மறுபடி வலிக்குதுங்கா. நெத்தி சூடா இருக்க மாதிரி தோணுது. எனக்குத்தான் தோணுதான்னு தெரியல.’

அவன் பதில் அடிப்பதற்குள் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். சிறப்பு விருந்தினர் அம்மையார், “போட்டியை எதை வைத்துத் தொடங்குவது?” என்று கேட்டார். மேடையில் ஒரு துப்பாக்கியும் இல்லை, மணியும் இல்லை. எல்லோரும் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்கள்.

பால்வண்ணநாதன் ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிப் பணிவாக நீட்டினார்.

அம்மையார் அதைக் கையில் வாங்கினார். அதே நேரத்தில் ஒன்பது பிள்ளைகளில் ஒன்று கோட்டைத் தாண்டித் தவழ்ந்து வந்து, அவர் சேலையைப் பிடித்து எழுந்து நின்று, பளபளவென்று தொங்குகிற அந்தச் சாமானைப் பார்த்து வாயை ஆவென்று திறந்தது. “அய்யோ செல்லம், வேணுமா?” என்று அம்மையார் குனிந்தார்.

மாரிராஜ் கண்ணுக்கு அந்தப் பிள்ளை தெரியவில்லை. மாடிப்படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்திருக்கிற மச்சினன்தான் தெரிந்தான்.

பாய்ந்தான். விசிலைப் பிடுங்கினான். கையில் வைத்திருந்தால் திரும்ப வாங்கிவிடுவார்கள். அவனுக்குத் தெரிந்த ஒரே பத்திரமான இடத்தில் வைத்தான். வாயில் வைத்து, நெஞ்சு வலிக்க ஊதினான். நம் பிள்ளை எச்சில்தானே, நமக்கென்ன புதிதா என்று ஊதினான்.

ஒன்பது பிள்ளைகளும் ஒரே குரலில் அலறின. இரண்டு பின்னோக்கித் தவழ்ந்தன. ஒன்று மைக் ஒயரைப் பிடித்து இழுத்தது. கிலுகிலுப்பைகள் பறந்தன. ஊரே பார்க்க, இன்ஸ்பெக்டர் அவன் சட்டைக் காலரைப் பிடித்து மேடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

“சஸ்பெண்ட் வாங்கணுமால உனக்கு? என்னலே ஆச்சு?”

“ஃபீ... ஐயா... ஃபீ...”

“அத வாயிலருந்து எடுலே!”

மாரிராஜ் தலையை ஆட்டினான். எடுத்தால் பிடுங்கிவிடுவார் என்ற பயம். பல்லிடுக்கில் கடித்தபடியே எல்லாவற்றையும் கொட்டினான். சுப்பு பையில் போட்டது, முறுக்கு, கடலைமிட்டாய், வகுப்பே ஊதியது, டீச்சர் செய்தி, மச்சினன் வால்வு, சாயங்கால டோக்கன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் விசிலும் ஒரு ஆமாம் போட்டது.

“உங்களுக்கு வந்துரக் கூடாதுன்னுதாங்கய்யா... ஃபீ... கழுவப் பார்த்தேன். அந்த வகுப்புல எந்தப் பிள்ளைக்குன்னு டீச்சர் சொல்ல மாட்டேங்காவ... ஃபீ... பெத்தவுக சொல்லியிருந்தா நாங்களாவது உஷாரா இருந்திருப்போம். எப்பேர்ப்பட்ட ஆளுகளா இருப்பாவ, மூடி மறைச்சிட்டு!”

அறை விழும் என்று கண்ணை மூடினான். விழவில்லை.

கண்ணைத் திறந்தபோது இன்ஸ்பெக்டர் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார். பிளாஸ்க்கைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். முகத்தில் கோபம் இருந்த இடம் காலியாக இருந்தது.

“எந்த... வகுப்பு?” என்றார்.

“ஒண்ணாம் வகுப்பு ‘பி’ங்கய்யா.”

“ம்.” தொண்டையைத் தடவிக்கொண்டார். “பிள்ளை காரியம். நீ போ. இப்பமே போ. நாளைக்கும் வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்.”

மாரிராஜுக்கு நம்ப முடியவில்லை. இத்தனை நாளில் அந்த மனிதர் யாருக்கும் கேளாமல் ஒரு மணி நேரம் கொடுத்ததில்லை. கண் கலங்கிவிட்டது. ஐயாவைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்று நெகிழ்ந்து, விசில் வாயிலிருப்பதையும் மறந்து, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான். நன்றிகூட ‘ஃபீ’ என்றுதான் வந்தது.

“அந்த விசில...” என்று இன்ஸ்பெக்டர் கையை நீட்டி, ஏதோ சொல்ல வந்து, குரல் வராமல் நின்றார்.

அந்தச் சமயம் பார்த்து ஜீப் டிரைவர் செல்லப்பா போனைக் கையில் பிடித்துக்கொண்டு மேடையைச் சுற்றி ஓடி வந்தார். நல்ல மனிதர். எந்தச் செய்தியையும் மெதுவாகச் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

“ஐயா, வீட்டுலருந்து அம்மா பேசுதாவ! புதன்கிழமையிலருந்து ஸ்கூலுக்கே போகாம கெடந்த உங்க பையனுக்கு மருந்து பிடிச்சு காய்ச்சல் விட்டுட்டாம், திங்கக்கிழமை ஒண்ணாம் வகுப்பு ‘பி’க்கு அனுப்பலாம்னு டாக்டர் சொல்லிட்டாவளாம், ஆனா அவங்கிட்டருந்து உங்க தொண்டைக்கு ஒட்டிக்கிட்டத உடனே வந்து காட்டணுமாம், அதுவரைக்கும் நீங்க வாய் வச்ச எதுலயும் வேற யாரும் வாய் வச்சிரக் கூடாதாம்!”